மிச்சமிருக்கும் 23 மணி நேரம்



புத்தாண்டு இதழ் வெளிவந்த பிறகு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் ஆண்டுதோறும் தவறுவதில்லை. வார்த்தைகள்தான் மாறும். "சாப்பாட்டைக் குறைத்தேன், காலையில் வாக்கிங் போனேன். முதல் மாதம் எடை இறங்கியது. இப்போது அசைய மாட்டேன் என்கிறது. நடப்பது போதவில்லை போலிருக்கிறது, ஓடட்டுமா?" சிலர் ஒருபடி மேலே போய், கைக்கடிகாரம் காட்டிய கலோரிக் கணக்கைத் தேதிவாரியாக எழுதி அனுப்புகிறார்கள். ஜிம்மில் சேர்ந்துவிட்டவர்களின் கேள்வி இன்னும் கூர்மையானது: "மூச்சு முட்டச் செய்தால்தான் கொழுப்பு கரையும் என்று டிரெயினர் சொல்கிறார். உண்மையா?"

தனித்தனியாகப் பதில் எழுத ஆசைதான், கை போதாது. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு முன் நானும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உடற்பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்கிறீர்கள்?

கேள்வி வம்புக்காக அல்ல. எடைக் குறைப்பின் கணக்கில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நம் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம், நாம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் போய்விடும். இதயம் துடிக்க, மூளை இயங்க, கல்லீரலும் சிறுநீரகமும் வேலை செய்ய, உடல் சூட்டைக் காக்க ஆகும் செலவு அது. சாப்பிட்டதைச் செரிக்க ஒரு 10 சதவீதம். எஞ்சியதுதான் அசைவுகளுக்கு. அந்த எஞ்சியதிலும், பார்க்கில் கை வீசி நடக்கும் ஒரு மணி நேரம் சிறு பங்கு. துணி உலர்த்துவது, படியேறுவது, கடைக்குப் போய்வருவது, போன் பேசிக்கொண்டே கூடத்துக்கும் வாசலுக்கும் உலாத்துவது என்று நாம் கணக்கில் வைக்காதவை எல்லாம் சேர்ந்தால் பலருக்கு அதைவிடப் பெரிது.

நம்ப முடியாவிட்டால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். 55 கிலோ எடையுள்ள பெண், பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர் என்றால் நாளுக்கு 1,660 கலோரி தேவை. அதே பெண் மிதமான உழைப்பு உள்ளவர் என்றால் 2,130. வித்தியாசம் 470 கலோரி. ஒரு மணி நேர நல்ல நடை அவருக்குக் கூடுதலாகச் செலவழித்துக் கொடுப்பது சுமார் 150 கலோரி. அதாவது நாள் முழுக்க நடமாடுபவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள இடைவெளியை நடந்தே நிரப்ப வேண்டுமானால், தினமும் மூன்று மணி நேரம் பார்க்கைச் சுற்ற வேண்டும்.

இந்த நடமாட்டத்துக்கு ஆராய்ச்சி உலகில் முகவரி தேடித் தந்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஜேம்ஸ் லெவைன். 1999இல் 16 பேருக்கு எட்டு வாரம், தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிடக் கொடுத்தார். சோறு அளந்து போட்டது ஒரே கை, ஆனால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு அரை கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவைத் தாண்டியது. கொழுப்பு சேராதவர்கள் ஜிம்முக்குப் போனவர்கள் இல்லை, யாரையும் உடற்பயிற்சி செய்ய விடவில்லை. அவர்கள் தம்மை அறியாமலே அதிகம் நின்றார்கள், நடந்தார்கள், துறுதுறுவென்று இருந்தார்கள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள் என்று வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வைக் காணிக்கையாக்கலாம்.

சரி, கூடுதலாகச் சாப்பிட்டால் சிலருக்கு நடமாட்டம் கூடுகிறது. குறைவாகச் சாப்பிட்டால்?

அதற்கு விடை 1944–45இலேயே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோரை எப்படித் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப் பட்டினி. வாரத்துக்கு 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் நடந்தே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. நடந்தார்கள். ஆனால் அந்த நடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உடல் சுருக்கிக்கொண்டது. படியேறத் தயங்கினார்கள். நிற்கும்போது எதன் மீதாவது சாய்ந்தார்கள். யாரும் அவர்களை அசையாதே என்று சொல்லவில்லை, அசைய மனம் வரவில்லை. எடையில் கால் பங்கு போனது. அன்றாடச் செலவு அதைவிட அதிக விகிதத்தில் விழுந்தது. அந்த வீழ்ச்சியில் பெரும் பங்கு நடமாட்டக் குறைவு.

நம் டயட் அந்த அளவு கொடுமையானதல்ல. ஆனாலும் உடலுக்கு நம் நோக்கம் தெரியாது. மகள் கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று நாம் நினைத்தால், ஊரில் பஞ்சம் வந்துவிட்டது என்று அது நினைக்கிறது.

1995இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் லைபெல், மைக்கேல் ரோசன்பாம், ஜூல்ஸ் ஹிர்ஷ் மூவரும் இதை அளந்தே காட்டினார்கள். எடையில் 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு அன்றாடச் செலவு குறைவது இயல்பு, சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. ஆனால் அந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு ஆக வேண்டுமோ அதைவிடவும் குறைவாகவே ஆயிற்று. பின்னர் தசைகளைச் சோதித்தபோது, எடை குறைந்தவர்களின் தசை அதே வேலையைக் குறைந்த சக்தியில் செய்யப் பழகியிருந்தது தெரிந்தது. எடை குறைந்த உடம்பு, திடீரென்று நல்ல மைலேஜ் கொடுக்க ஆரம்பித்த பைக். பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்பவருக்கு இது கொண்டாட்டம், தொப்பையைக் கரைக்க நினைப்பவருக்குத் திண்டாட்டம். இந்தச் சிக்கனம் மெதுவான, லேசான அசைவுகளில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதாவது சாதாரண நடமாட்டத்தின் செலவில்தான் உடல் முதலில் கை வைக்கிறது.

இப்போது வேகத்துக்கு வருவோம். கடுமையாகச் செய்தால் என்ன ஆகும்?

எடைக் குறைப்போடு வேகத்தைச் சேர்த்துச் சோதித்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் பார்பரா நிக்லஸ் குழுவினர் செய்து 2009இல் வெளியிட்டது. மாதவிடாய் நின்ற, இடுப்புச் சுற்றளவு கூடிய 112 பெண்கள், 20 வாரம். ஒரு குழுவுக்கு உணவுக் குறைப்பு மட்டும். இன்னொரு குழுவுக்கு உணவுக் குறைப்போடு டிரெட்மில்லில் மிதமான நடை. மூன்றாவது குழுவுக்கு உணவுக் குறைப்போடு வேக நடை. இந்த ஆய்வின் நேர்மை எங்கே என்றால், மூன்று குழுவுக்கும் வாரக் கலோரிப் பற்றாக்குறையை ஒரே அளவாக வைத்தார்கள். மிதமாக நடந்தவர்கள் 55 நிமிடம் வரை நடந்தார்கள், வேகமாக நடந்தவர்கள் 30 நிமிடத்தில் முடித்தார்கள். முடிவில் மூன்று குழுவிலும் சராசரியாக 12 கிலோ போல இறங்கியது. வயிற்றுக் கொழுப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் கரைந்தது. வேகம் கூட்டியவர்களுக்குத் தொப்பை தனியாகக் கரையவில்லை.

அப்படியானால் வேகத்தால் பயனே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. வேகமாக நடந்தவர்களுக்கு இதயமும் நுரையீரலும் மற்ற இரு குழுவைவிட நன்றாகத் தேறின. உணவுக் குறைப்பு மட்டும் செய்தவர்களுக்குத் தசை அதிகம் போனது, நடந்த இரு குழுவுக்கும் குறைவாகப் போனது. எனக்கு நாளை அறுபது வயதில் மாடியேற வேண்டும், பேரனைத் தூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் இவை தராசு காட்டும் எண்ணைவிடப் பெரிய லாபங்கள். தராசை மட்டும் பார்ப்பவருக்கு அவை கண்ணில் படாது.

இதே பல்கலைக்கழகத்திலிருந்து அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. எடை குறைத்த காலத்தில் எந்தப் பெண்களின் அன்றாட நடமாட்டம் அதிகமாகக் குறைந்ததோ, அவர்களுக்குத்தான் அடுத்த ஓராண்டில் எடை அதிகமாகத் திரும்பி ஏறியது. பயிற்சி வகுப்பில் அவர்கள் சோம்பேறிகள் அல்ல. வகுப்புக்கு வெளியே, டயட் இருந்த மாதங்களில், உடல் அவர்களை மெல்ல மெல்ல உட்கார வைத்துவிட்டது.

அலபாமா பல்கலைக்கழகத்தில் கேரி ஹண்டர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு டயட் பற்றியதல்ல, வேகம் பற்றியதும் அல்ல, பயிற்சியின் அளவு பற்றியது. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. 60 வயதைத் தாண்டிய பெண்களை மூன்றாகப் பிரித்து, வாரத்தில் இரண்டு, நான்கு, ஆறு என்று பயிற்சிகள் கொடுத்தார். பாதி ஏரோபிக் எனப்படும் மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி, பாதி எடை தூக்குவது. 16 வாரம் கழித்து வலுவும் உடல் தகுதியும் மூன்று குழுவினருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் கூடியிருந்தன. வாரம் நான்கு முறை செய்தவர்களின் அன்றாடச் செலவு கூடியது. ஆறு முறை செய்தவர்களுக்குக் கூடவில்லை, பயிற்சிக்கு வெளியே அவர்களது நடமாட்டம் சுருங்கியிருந்தது. பயிற்சிக்கே நேரம் போய்விடுகிறது என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். நடந்து போகும் இடத்துக்குக் காரில் போனார்கள். நம் ஊரில் என்றால் ஆட்டோ.

நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டரை நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 170 கலோரி செலவாகும். அதே தூரத்தை ஓடினால் 300க்கு மேல். ஓட்டத்தின் லாபம் 140 என்று வையுங்கள். நின்றபடி, நடந்தபடி செய்யும் வீட்டு வேலைக்கும் சோபாவில் சாய்ந்து கிடப்பதற்கும் மணிக்கு 80 கலோரி போல வித்தியாசம். ஓடிய களைப்பில் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சாய்ந்தால் ஓட்டத்தின் லாபம் போயே போயிற்று. ஓடினோமே என்ற தைரியத்தில் இரண்டு மெதுவடை உள்ளே போனால் நடந்ததற்கும் நஷ்டம். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் உடல் எரித்துக்கொண்டே இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் அந்த எரிப்பு, பயிற்சிக்கே ஆன செலவில் பத்தில் ஒரு பங்கு சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கும்.

ஆய்வுகளில் சொல்லும் அன்றாடச் செலவை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த ஒரு தம்ளர் நீரைக் குடிக்கக் கொடுத்து, ஒரு வாரம் இரண்டு வாரம் சிறுநீர் மாதிரி எடுக்கிறார்கள். இரண்டும் உடலை விட்டு வெளியேறும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு, வெளிவிட்ட கரியமில வாயுவைக் கணக்கிட்டு, செலவான சக்தியைக் கண்டுபிடிக்கிறார்கள். மினசோட்டாவின் நேதன் லிஃப்சன் சிறு விலங்குகளில் செய்து காட்டிய முறை இது, மனிதர்களிடம் 1982இல் வந்தது. உடம்பில் ஒரு வயரும் இல்லை, முகமூடியும் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் வாழ்க்கை. மணிக்கட்டுக் கடிகாரம் சொல்லும் கலோரியை நான் பெரிதாக நம்பாததற்குக் காரணமும் இதுதான்: அது உங்கள் நாடியைப் பார்த்து ஊகிக்கிறது, இது உங்கள் உடலிடமே கேட்கிறது.

இந்த முறையை வைத்துத்தான் ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்ஸர் வடக்கு டான்சானியாவில் ஹாட்ஸா வேட்டைக் குடிகளிடம் போனார். ஆண்கள் நாளுக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர் நடக்கிறவர்கள், பெண்கள் கிழங்கு தோண்டுகிறவர்கள். 2012இல் வந்த முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டது. உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், அவர்களின் அன்றாடச் செலவு அமெரிக்க நகரவாசிகளின் செலவைப் போலத்தான் இருந்தது. உழைப்பைக் கூட்டினால் உடல் வேறெங்கோ செலவைக் குறைத்துக்கொள்கிறது என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது. பிறகு 2021இல் வின்சென்ட் கேரோ குழுவினர் 1,754 பேரின் அளவீடுகளை அலசி, கூடுதல் அசைவில் செலவாகும் ஒவ்வொரு 100 கலோரியிலும் சராசரியாக 28 கலோரியை உடல் வேறிடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது என்றார்கள். எஞ்சிய 72 நிஜமான செலவு. எல்லாம் வீண் என்று தலைப்பிட்ட செய்திகள் இந்த 72ஐக் கவனிக்கவில்லை. இந்த மிச்சம் பிடிக்கும் கருத்தை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வயிறாரச் சாப்பிடுபவர்களிடம் அது அவ்வளவாகத் தென்படவில்லை என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் இரு தரப்பும் ஒரு இடத்தில் கைகுலுக்குகின்றன: சாப்பாட்டையும் குறைத்து, பயிற்சியையும் ஏற்றும்போதுதான் உடல் அதிகம் சுருங்குகிறது.

அந்தச் சுருக்கத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி பிகஸ்ட் லூசர்' எடைக் குறைப்புப் போட்டியாளர்களைப் பாருங்கள். மணிக்கணக்கில் கடும் பயிற்சி, கடும் டயட். ஆய்வாளர் கெவின் ஹால் ஆறு ஆண்டு கழித்து அவர்களில் 14 பேரை அளந்தபோது, ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. எடைக் குறைப்பை ஓரளவு காப்பாற்றியவர்கள், பின்னாளிலும் அன்றாட உடலியக்கத்தை அதிகமாக வைத்திருந்தவர்கள்.

இந்த இடத்தில் சில வாசகர்கள் அம்மி, ஆட்டுக்கல், கிணற்று நீர் என்று ஆரம்பிப்பார்கள் என்று தெரியும். அந்தக் காலம் பொற்காலம் என்று பாட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பொற்காலத்தில் இந்த வேலைகளில் இடுப்பு ஒடிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலருக்கு வயிறார உணவும் கிடைத்ததில்லை. மிக்ஸியை அணைக்கச் சொல்லவில்லை. மிக்ஸி மிச்சப்படுத்திய நேரத்தை யூடியூபுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் துடைப்பம் பிடிக்கக் கை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கும் தொப்பை இருக்கிறதே.

ஆகவே, ஓடட்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில். உங்களுக்கு எவ்வளவு வேகம் சரி என்பதை ஜிம்மில் பார்க்காதீர்கள், மாலை நான்கு மணிக்குப் பாருங்கள். காலைப் பயிற்சிக்குப் பிறகும் மாலையில் கடைக்கு நடக்கத் தோன்றுகிறதா, படியேற அலுப்பில்லையா, குழந்தையோடு விளையாட முடிகிறதா, அந்த வேகம் உங்களுக்குச் சரி. மதியம் முழுக்கக் கிடந்து, தேநீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்கள் என்றால் வேகம் கூடிவிட்டது, அல்லது சாப்பாடு மிகவும் குறைந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டும்தான்.

எடை குறைக்கும் மாதங்களில் வாரத்தின் பெரும்பகுதியை, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடப்பதற்குக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது, அதில் எங்கே நிற்பது என்பது உங்கள் மாலையைப் பொறுத்தது. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள், டம்பெல்லோ, தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ. டயட்டில் தசை கரையாமல் காக்க அதுவே நல்ல வழி, பருப்பும் முட்டையும் தயிரும் தட்டில் இருந்தால் இன்னும் நல்லது. வேகத்தில் ஆசை இருப்பவர்கள் வாரம் ஒன்றிரண்டு நாள் இடையிடையே வேகம் கூட்டிக்கொள்ளுங்கள், இதயம் உங்களுக்கு நன்றி சொல்லும். தராசு உடனே சொல்லாது, அதன் மீது கோபப்பட வேண்டாம். கைக்கடிகாரம் வாங்கியவர்கள் அதில் கலோரி எண்ணை விட்டுவிட்டு, நாள் முழுவதற்குமான காலடி எண்ணிக்கையைப் பாருங்கள். பயிற்சி நாளிலும் பயிற்சியில்லாத நாளிலும் அது எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தால் உங்கள் உடல் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் இப்படிப் பார்த்துவிட்டு, எடையை அல்ல, மாலை நேரம் எப்படிப் போகிறது என்பதை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சில கடிதங்களை வெளியிட ஆசை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வேகத்தைக் கூட்டாதீர்கள், சாப்பாட்டையும் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்